ஒரு நாட்டுக்கு ஓர் இடம்: கைவிடப்பட்ட ஒரு கோப்பையின் கதை

1999 மே 19. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் இத்தாலியின் லாசியோ அணியும் ஸ்பெயினின் மயோர்க்கா அணியும் மோதின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது செக் வீரர் பாவெல் நெட்வெட் அடித்த கோல், 2-1 என்ற கணக்கில் லாசியோவுக்கு வெற்றி தேடித் தந்தது. 39 பருவங்களாக நடந்துவந்த ஒரு போட்டித் தொடரின் கடைசி கோல் அது. அன்று இரவு கோப்பையை உயர்த்திப் பிடித்த லாசியோ வீரர்களுக்குத் தெரியும், அடுத்த ஆண்டு அதைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு தங்களுக்கு இல்லையென்று. தோற்றுப்போனதால் அல்ல, போட்டியே இனி இல்லை என்பதால்.

அடுத்த வாரம், மே 26 அன்று, பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் கூடுதல் நிமிடங்களில் இரண்டு கோல்கள் அடித்து மான்செஸ்டர் யுனைடெட் அணி பேயர்ன் மியூனிக்கை வீழ்த்தியது. கால்பந்தை நேசிக்கும் எவரும் அந்த இரவை மறக்கவில்லை. முந்தைய வாரம் பர்மிங்ஹாமில் நடந்ததோ பலருடைய நினைவிலும் இல்லை. ‘ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை’ என்ற அந்தத் தொடர் ஏன் தொடங்கப்பட்டது, எப்படி நடந்தது, ஏன் கைவிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது விளையாட்டு வரலாற்றுக்கு அப்பாலும் பயனுள்ளது. பொதுவான ஓர் அரங்கில் யாருக்கு இடம் தருவது, எந்த அளவுகோலின்படி தருவது என்ற கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கிறது.

லீக்கும் கோப்பையும்

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வகையான உள்நாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. ஒன்று, லீக். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடி, பல மாத உழைப்பில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவார். வலுவான வீரர்களும் நிறைய பணமும் கொண்ட அணிகளுக்கு இந்த முறை சாதகமானது. ஓரிரு ஆட்டங்களில் சறுக்கினாலும் பின்னர் சரிசெய்துகொள்ளலாம்.

மற்றொன்று, நாக் அவுட் முறையிலான கோப்பை. தோற்றால் வெளியேற்றம். இதில் முதல் பிரிவு அணிகளோடு கீழ்ப்பிரிவு அணிகளும், சில நாடுகளில் சிற்றூர் அணிகளும் கலந்துகொள்ளும். 1871-72இல் தொடங்கிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இவற்றுள் மூத்தது. ஆண்டு முழுவதும் தடுமாறிய ஓர் அணிகூட ஐந்தாறு நல்ல நாட்களின் துணையோடு கோப்பையை வென்றுவிட முடியும். லீக் நீடித்த வலிமையை அளக்கிறது. கோப்பை, வாய்த்த தருணத்தைப் பயன்படுத்தத் தெரிந்த துணிவை அளக்கிறது.

1955-56இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பை, லீக் சாம்பியன்களுக்கானது. அப்படியானால் உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கும் ஓர் ஐரோப்பிய அரங்கு வேண்டாமா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் கோப்பை வென்றோர் கோப்பை. மத்திய ஐரோப்பாவில் 1927 முதல் ‘மித்ரோப்பா கோப்பை’ என்ற கிளப் போட்டியை நடத்திவந்த குழுவே 1960-61இல் இதன் முதல் தொடரையும் நடத்தியது. பத்து அணிகள் மட்டுமே பங்கேற்ற அந்தத் தொடரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியை வென்று இத்தாலியின் ஃபியோரென்டினா வாகை சூடியது. அடுத்த பருவம் முதல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா பொறுப்பேற்றது.

இதன் நுழைவு விதி மிக எளிமையானது. ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஓர் இடம். நடப்புச் சாம்பியனுக்குக் கூடுதலாக ஓர் இடம். இத்தாலிக்கும் ஒன்று, லக்சம்பர்குக்கும் ஒன்று. ஒரே அணி லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றால், அந்த அணி ஐரோப்பியக் கோப்பைக்குச் சென்றுவிடும். உள்நாட்டுக் கோப்பையின் இறுதியில் தோற்ற அணி இங்கே வரும். 1971இல் ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதியில் செல்டிக்கிடம் தோற்ற ரேஞ்சர்ஸ் இந்த வழியில்தான் உள்ளே வந்தது. 1972இல் டைனமோ மாஸ்கோவை 3-2 என்று வென்று கோப்பையையே கைப்பற்றியது.

வேல்ஸ் கண்ட வெளிச்சம்

‘ஒரு நாட்டுக்கு ஓர் இடம்’ என்ற விதியால் அதிகம் பயனடைந்த நாடுகளில் வேல்ஸ் ஒன்று. அங்கே அப்போது தேசிய அளவிலான லீக் கிடையாது. முக்கிய அணிகள் இங்கிலாந்தின் லீக் அமைப்புக்குள் ஆடின. ஆனால், வேல்ஸுக்கெனத் தனிக் கோப்பை இருந்தது. அதை வென்ற வேல்ஸ் அணி எந்தப் பிரிவில் ஆடினாலும் ஐரோப்பாவுக்குச் செல்லலாம்.

1962இல் அப்படிச் சென்றது பேங்கர் சிட்டி. இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கின் நான்கு பிரிவுகளிலும் இடம்பெறாத சிறு அணி அது. எதிரே வந்தது இத்தாலியின் நாப்போலி. சொந்த மைதானத்தில் பேங்கர் 2-0 என்று வென்றது. நேப்பிள்ஸ் நகரில் நடந்த மறு ஆட்டத்தில் நாப்போலி 3-1 என்று வென்றது. மொத்தக் கணக்கு 3-3. எதிரணியின் மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் விதி அன்று இருந்திருந்தால் பேங்கர் அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும். அந்த விதி அப்போது இல்லாததால், லண்டனில் மூன்றாவது ஆட்டம் நடத்தப்பட்டது. அதில் 2-1 என்று தோற்று பேங்கர் வீடு திரும்பியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-66 பருவத்தில், வெளி மைதான கோல் விதியை யூஃபா முதன்முதலில் அறிமுகப்படுத்தியது இதே தொடரில்தான். பின்னர் எல்லா ஐரோப்பியப் போட்டிகளுக்கும் பரவிய அந்த விதி 2021இல் நீக்கப்பட்டது.

1984இல் இங்கிலாந்து லீக்கின் நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ரெக்ஸம், போர்ச்சுகலின் போர்ட்டோவைச் சந்தித்தது. சில மாதங்களுக்கு முன்புதான் போர்ட்டோ இதே தொடரின் இறுதிப் போட்டியில் யுவென்டஸை எதிர்த்து ஆடியிருந்தது. ரெக்ஸம் சொந்த மண்ணில் 1-0 என்று வென்று, போர்ச்சுகலில் 4-3 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 4-4. வெளி மைதானத்தில் அடித்த மூன்று கோல்கள் ரெக்ஸமை அடுத்த சுற்றுக்கு அழைத்துச் சென்றன. அந்த போர்ட்டோ மூன்றே ஆண்டுகளில், 1987இல், ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதே 1987இல் இரும்புக்கும் நிலக்கரிக்கும் பெயர்பெற்ற மெர்த்தர் டிட்ஃபில் என்ற வேல்ஸ் நகரின் அணி, இத்தாலியின் அத்தலாந்தாவைச் சொந்த மைதானத்தில் 2-1 என்று வீழ்த்தியது. மறு ஆட்டத்தில் தோற்று வெளியேறினாலும் அந்த நகரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இவை அற்புதங்கள்போலத் தோன்றலாம். ஆனால், அற்புதம் நிகழ்வதற்கு முதலில் ஆட்டம் நடக்க வேண்டும். பேங்கரும் நாப்போலியும் ஒரே மைதானத்தில் சந்தித்ததற்குக் காரணம் அதிர்ஷ்டமல்ல, விதி.

இரும்புத் திரைக்கு அப்பால்

கிழக்கு ஐரோப்பிய அணிகளுக்கும் இந்தத் தொடர் ஒரு வாசலாக இருந்தது. 39 கோப்பைகளில் ஐந்தை அவை வென்றன. பனிப்போர்க் காலத்தில் அந்த வெற்றிகள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அரசியல் சூழல் இருந்தது.

1968 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படைகளை அனுப்பின. மேற்கு ஐரோப்பிய அணிகளிடம் எழுந்த எதிர்ப்பை அடுத்து, கிழக்கு அணிகளும் மேற்கு அணிகளும் முதல் சுற்றில் மோதாதபடி யூஃபா ஆட்ட அட்டவணையை மாற்றியது. அதைக் கண்டித்து சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட நாடுகளின் அணிகள் விலகின. ஆக்கிரமிப்புக்கு ஆளான செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா விலகவில்லை. 1969 மே மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்த இறுதிப் போட்டியில், எல்லோரும் வெற்றிபெறும் என்று எதிர்பார்த்த பார்சிலோனாவை அது 3-2 என்று தோற்கடித்தது. செக்கோஸ்லோவாக்கிய அணியொன்று ஐரோப்பியக் கோப்பையொன்றை வென்றது அதுவே முதலும் கடைசியும்.

1974இல் கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபர்க், நடப்புச் சாம்பியனான ஏ.சி. மிலானை 2-0 என்று வென்றது. ஹைன்ஸ் க்ரூகெல் பயிற்சியளித்த அந்த அணியின் வீரர்கள் அனைவரும் மாக்டெபர்க் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பணம் கொடுத்து உலகெங்கிலுமிருந்து வாங்கிச் சேர்த்த அணியல்ல. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளின் அணி. அவர்களில் ஒருவரான யூர்கன் ஸ்பார்வாசர் அடுத்த மாதமே உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்த காலத்தில் அதன் கிளப் வென்ற ஒரே ஐரோப்பியக் கோப்பை மாக்டெபர்கின் கோப்பைதான்.

1981இல் ஜார்ஜியாவின் டினமோ திபிலிசி. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், ஜார்ஜிய மொழியின் அரசு மொழித் தகுதியைப் பறிக்க முயன்ற அரசமைப்பு மாற்றத்தை எதிர்த்து திபிலிசி மக்கள் வீதியில் திரண்டு அதைத் தடுத்திருந்தார்கள். அந்த நகரத்தின் அணி, காலிறுதியின் முதல் ஆட்டத்தில் லண்டனுக்கு வந்து வெஸ்ட் ஹாமை 4-1 என்று வென்றது. ஆட்டத்தின் அழகைக் கண்டு எதிரணி ரசிகர்களே கைதட்டினார்கள். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வெஸ்ட் ஹாம் அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு அணி. முதல் பிரிவில் இல்லாத அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றதால் ஐரோப்பாவுக்கு வந்திருந்தது. இறுதிப் போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யெனாவை திபிலிசி 2-1 என்று வென்றது. மேற்கு ஜெர்மனியில் நடந்த அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். இரு அணிகளின் ரசிகர்களும் எல்லை தாண்டி எளிதில் பயணம் செய்ய முடியாதவர்கள்.

1975இல் வென்ற டைனமோ கீவ் 1986இல் மீண்டும் வென்றது. செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்தது 1986 ஏப்ரல் 26 அன்று. உலையிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது கீவ். ஆறு நாட்களுக்குப் பிறகு, மே 2 அன்று, பிரான்ஸின் லியோன் நகரில் வலேரி லோபனோவ்ஸ்கியின் அணி அத்லெடிகோ மாட்ரிடை 3-0 என்று வீழ்த்தியது. தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்ற முழு உண்மை அப்போது ஊராருக்கே சொல்லப்பட்டிருக்கவில்லை.

காத்துக்கொள்ள முடியாத கோப்பை

இந்தத் தொடரின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். 39 முறையும் எந்த அணியும் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கோப்பையை வெல்லவில்லை. எட்டு முறை நடப்புச் சாம்பியன் அடுத்த ஆண்டும் இறுதிப் போட்டிவரை வந்தது. எட்டு முறையும் தோற்றது. மொத்தம் 12 நாடுகளைச் சேர்ந்த 32 அணிகள் வென்றிருக்கின்றன. அதிகபட்சமாக பார்சிலோனா நான்கு முறை வென்றது. அதிகாரம் ஓரிடத்தில் குவியாத ஒரு போட்டிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1983இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன், ரியல் மாட்ரிடைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. வென்ற அணியின் பயிற்சியாளர், பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெடால் உலகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்குசன். தோற்ற அணியின் பயிற்சியாளர், ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஐந்து தொடர்களையும் வென்ற ரியல் மாட்ரிடின் நாயகன் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ. அதன் பிறகு எந்த ஸ்காட்லாந்து அணியும் பெரிய ஐரோப்பியக் கோப்பை எதையும் வெல்லவில்லை.

எதிர்த்தரப்பின் நியாயம்

இந்தத் தொடரில் குறைகளே இல்லை என்று சொல்வதற்கில்லை. வலிமையில் பெரும் இடைவெளி கொண்ட அணிகள் மோதியதால் சில ஆட்டங்கள் கேலிக்கூத்தாகின. 1963இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், சைப்ரஸின் அபோயெல் அணியை 16-1 என்று வென்றது. 1971இல் செல்ஸி, லக்சம்பர்கின் சிற்றூர் அணியான ஜூனெஸ் ஓட்ஷாராஜை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 21-0 என்று நொறுக்கியது. சாம்பியன்கள் ஐரோப்பியக் கோப்பைக்கும், லீக்கில் அடுத்த இடங்களைப் பிடித்த வலுவான அணிகள் யூஃபா கோப்பைக்கும் போய்விட்டதால், இந்தத் தொடரின் சராசரித் தரம் குறைவு என்ற விமர்சனமும் நியாயமானதுதான்.

ஆனால், அந்த 1971 கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். 21 கோல்கள் அடித்த செல்ஸி நடப்புச் சாம்பியன். அடுத்த சுற்றில் ஸ்வீடனின் சிறு நகர அணியான ஓட்விடபேரி அதை எதிர்கொண்டது. முதல் ஆட்டம் 0-0, லண்டனில் நடந்த மறு ஆட்டம் 1-1. வெளி மைதான கோல் விதியின்படி சாம்பியன் வெளியேறியது. முதல் சுற்றை மட்டும் பார்த்தவர்களுக்குச் சிறிய அணிகள் தகுதியற்றவை என்று தோன்றியிருக்கும். இரண்டாம் சுற்று அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

ஏன் மூடினார்கள்?

தரக் குறைபாடு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் 1960களிலேயே தொடரை நிறுத்தியிருக்கலாம். முடிவுக்கான உண்மைக் காரணம் 1990களில் உருவானது. 1992இல் ஐரோப்பியக் கோப்பை ‘சாம்பியன்ஸ் லீக்’ என்று பெயர் மாறியது. நாக் அவுட் முறையோடு குழுச் சுற்று முறையும் நிலைபெற்றது. இதன் பின்னால் இருந்தது தொலைக்காட்சி வருவாய். நாக் அவுட்டில் ஒரு பெரிய அணி இரண்டே ஆட்டங்களில் வெளியேறிவிடக்கூடும். அப்போது ஒளிபரப்பாளருக்கும் விளம்பரதாரருக்கும் அணியின் உரிமையாளருக்கும் இழப்பு. குழுச் சுற்றிலோ ஆறு ஆட்டங்கள் உறுதி. விளையாட்டின் நிச்சயமின்மையே பார்வையாளரை ஈர்க்கிறது. ஆனால், முதலீடு விரும்புவது நிச்சயத்தை.

1997-98 பருவத்தில் எட்டு முன்னணி நாடுகளின் லீக்குகளில் இரண்டாம் இடம் பிடித்த அணிகளுக்கும் சாம்பியன்ஸ் லீக் கதவு திறந்தது. அதன் விளைவு உடனே தெரிந்தது. 1997இல் கோப்பை வென்றோர் கோப்பையைக் கைப்பற்றிய பார்சிலோனா, ஸ்பெயின் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்திருந்ததால் அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் ஆடப் போனது. நடப்புச் சாம்பியனே தன் கோப்பைக்காக ஆட வராத நிலை. ஒரு போட்டியின் மதிப்பு குறைந்துவிட்டது என்று வாதம் செய்வதற்கு முன், அதன் மதிப்பைக் குறைக்கும் ஏற்பாடுகள் நடந்துவிட்டன.

1998இல் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த மீடியா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம், பெரிய கிளப்புகளை யூஃபாவிலிருந்து பிரித்துத் தனி ‘சூப்பர் லீக்’ நடத்தும் திட்டத்தை முன்வைத்தது. பெரிய அணிகள் வெளியேறினால் யூஃபாவின் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். எனவே அவற்றைத் தக்கவைத்துக்கொள்ள யூஃபா இறங்கிவந்தது. 1999-2000 பருவம் முதல் சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று 32 அணிகளாக விரிந்தது. முன்னணி நாடுகளுக்கு நான்கு இடங்கள்வரை தரப்பட்டன. ஆட்ட நாட்கள் பெருகியதால் நாட்காட்டியில் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்துக்காகப் பலியானது கோப்பை வென்றோர் கோப்பை. அது யூஃபா கோப்பையுடன் இணைக்கப்பட்டது. உள்நாட்டுக் கோப்பை வென்ற அணிகள் இனி அங்கே ஆடலாம் என்று அறிவிக்கப்பட்டது.

‘இணைப்பு’ என்பது நிர்வாகச் சொல். இணைக்கப்பட்ட இரண்டில் ஒன்றின் பெயர், கோப்பை, விதி எல்லாம் மறைந்து மற்றொன்று மட்டும் எஞ்சினால் அதற்குப் பெயர் வேறு.

அளவுகோல் மாறியது

இந்த மாற்றத்தின் சாரம் இதுதான்: முன்பு ஐரோப்பிய அரங்கின் ஒரு பகுதியிலாவது ‘ஒரு நாட்டுக்கு ஓர் இடம்’ என்பது விதி. பிறகு, எந்த நாட்டின் அணிகள் கடந்த சில ஆண்டுகளில் அதிகம் வென்றனவோ அந்த நாட்டுக்கு அதிக இடம் என்பது விதியாகிவிட்டது. இது தகுதி அடிப்படையிலான ஏற்பாடுதானே என்று கேட்கலாம். ஆனால், அதிக இடம் பெறும் நாட்டுக்கு அதிக வருவாய். அதிக வருவாய் உள்ள அணிக்குச் சிறந்த வீரர்கள். சிறந்த வீரர்களால் மேலும் வெற்றி. அந்த வெற்றியால் மீண்டும் அதிக இடம். ஒருமுறை முன்னேறியவர் தொடர்ந்து முன்னேற ஏதுவான வட்டம் இது. பின்தங்கியவர் உள்ளே நுழைய அந்த வட்டத்தில் வழி குறைவு.

விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. 2004இல் போர்ட்டோ வென்ற பிறகு, 2005 முதல் 2025 வரையிலான சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் அனைத்தும் ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கு உள்ளேயே முடிந்துவிட்டன. யூஃபா கோப்பையில் கிழக்கிலிருந்து சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ, ஸெனிட், ஷக்தார் போன்ற அணிகள் பின்னர் வென்றதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாக்டெபர்க்போல, ஒரு வட்டாரத்தின் பிள்ளைகளை மட்டுமே கொண்டு ஐரோப்பாவை வெல்லும் அணியை இன்று கற்பனை செய்வதுகூடக் கடினம்.

உள்நாட்டுக் கோப்பைகளும் ஒளி இழந்தன. லீக்கில் நான்காம் இடம் பிடிப்பது கோப்பையை வெல்வதைவிட லாபகரமானது என்றானபோது, பெரிய அணிகள் கோப்பை ஆட்டங்களில் இரண்டாம் நிலை வீரர்களைக் களமிறக்கத் தொடங்கின. கோப்பை வென்றோர் கோப்பை மூடப்பட்ட அடுத்த பருவத்திலேயே, எஃப்.ஏ. கோப்பையின் நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த உலக கிளப் போட்டிக்காக அந்தக் கோப்பையிலேயே கலந்துகொள்ளவில்லை. உலகின் மிகப் பழைய கோப்பையை வென்ற அணி, அதைக் காத்துக்கொள்ள வராமலே போனது.

ஐரோப்பா நடந்த வழியில் மற்ற கண்டங்களும் நடந்தன. 1990-91இல் தொடங்கிய ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பை 2002இல் நிறைவுற்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்குள் கரைந்தது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி, கார்ல்டன் சாப்மனின் மூன்று கோல்களின் துணையோடு இராக்கின் அல் ஸவ்ரா அணியை 6-2 என்று வென்றது 1993-94இல், அந்தத் தொடரில்தான். இந்திய கிளப் கால்பந்தின் பெருமைக்குரிய நாட்களில் அதுவும் ஒன்று. 1975இல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கோப்பை 2003உடன் நிறுத்தப்பட்டு, வேறொரு தொடருடன் சேர்த்து புதிய பெயரில் நடத்தப்படுகிறது.

மீண்டும் ஒரு மூன்றாம் கோப்பை

மூடிய கதவின் குறையை யூஃபாவும் உணர்ந்திருக்க வேண்டும். 2021-22 பருவத்தில், அதிக நாடுகளின் அணிகளுக்கு வாய்ப்பளிக்கும் நோக்கத்துடன் ‘கான்ஃபரன்ஸ் லீக்’ என்ற மூன்றாவது தொடரைத் தொடங்கியது. 2023இல் அதன் இறுதிப் போட்டியில் வெஸ்ட் ஹாமும் ஃபியோரென்டினாவும் மோதின. வெஸ்ட் ஹாம் வென்றது. கோப்பை வென்றோர் கோப்பையை ஃபியோரென்டினா 1961இலும் வெஸ்ட் ஹாம் 1965இலும் வென்றிருந்தன. 2024இல் ஒலிம்பியாகோஸ் வென்று, ஐரோப்பியக் கோப்பை பெற்ற முதல் கிரேக்க அணியானது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

ஆயினும் பழைய தொடருக்கும் புதிய தொடருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கோப்பை வென்றோர் கோப்பை, லீக் சாம்பியன்களின் போட்டிக்குப் பக்கத்தில் நின்றது. அதன் தகுதி வேறு வகையானது, தாழ்ந்ததல்ல. ரியல் மாட்ரிடும் அபர்டீனும் ஒரே வழியில் வந்து ஒரே அரங்கில் நின்றார்கள். இன்றைய மூன்றாம் தொடரோ ஏணியின் மூன்றாவது படி. சிறியவர்களுக்குத் தனிப் பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பந்தியிலும் முதல் நான்கு கோப்பைகளில் மூன்றை இத்தாலி, இங்கிலாந்து அணிகளே எடுத்துச் சென்றன.

பெரிய அணிகளை அமைதிப்படுத்தத் தரப்பட்ட விலையாவது பலன் தந்ததா? 2021 ஏப்ரலில் 12 பெரிய கிளப்புகள் மீண்டும் ‘சூப்பர் லீக்’ அறிவிப்பை வெளியிட்டன. ரசிகர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆறு இங்கிலாந்து அணிகளும் இரண்டே நாட்களில் பின்வாங்கின. 1998இல் யூஃபா எந்த மிரட்டலுக்கு அஞ்சி ஒரு கோப்பையை விட்டுக்கொடுத்ததோ, அதே மிரட்டல் 23 ஆண்டுகளில் திரும்பி வந்தது. அதைத் தடுத்தது சலுகை அல்ல; மக்களின் எதிர்ப்பு.

கோப்பை வென்றோர் கோப்பையை மீண்டும் தொடங்க வேண்டும் என்று இன்று கோருவது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருக்கலாம். நாட்காட்டியில் இடமில்லை என்பது உண்மை. ஆனால், அதன் விதியை மறக்க வேண்டியதில்லை. பொது அரங்கொன்றில் எல்லோருக்கும் சமமான வெற்றியை யாரும் உறுதிசெய்ய முடியாது. சமமான நுழைவை உறுதிசெய்ய முடியும் என்பதை 39 ஆண்டுகள் நடத்திக் காட்டியது அந்தத் தொடர். நாப்போலி ஏறக்குறைய எல்லா நாளும் பேங்கரை வெல்லும். ஆனால், 1962இன் ஒரு செப்டம்பர் மாலையில் பேங்கர் வென்றது. அந்த மாலை சாத்தியமாவதற்கு ஒரு விதி இருந்தது என்பதே நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது.